முதல் கோழிக் கூண்டு வாங்குவதற்கு முன்

உங்கள் கேள்வி இதுதான்: ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு அமைந்திருக்கிறது. முட்டைக்காக ஆறு கோழிகள் வளர்க்க ஆசை, ஆனால் இதற்கு முன் வளர்த்துப் பழக்கமில்லை. "ஆறு கோழிகளுக்கு" என்று போட்டிருக்கும் ரெடிமேட் மரக் கூண்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதையே வாங்குவதா, நீங்களே கட்டிக்கொள்வதா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதலில் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூண்டை அளந்து பாருங்கள். கோழி படுத்துறங்கும் அறையின் தரையை மட்டும் அளக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டைப் பெட்டியையும், கீழே வலை போட்ட இடத்தையும் சேர்க்கக் கூடாது. நடுத்தர அளவுக் கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே வலை கட்டிய முற்றத்தில் 10 சதுர அடி என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. ஆறு கோழிக்கு உள்ளே 24 சதுர அடி, அதாவது நாலுக்கு ஆறு. வெளியே 60. குட்டை இனமாக இருந்தால் இதில் பாதி போதும். நீங்கள் பார்த்து வைத்திருப்பது போன்ற கூண்டுகளை நான் நிறைய அளந்திருக்கிறேன். ஆறு என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் இரண்டு மூன்று கோழிகள்தான் நிம்மதியாக இருக்க முடியும். விற்பவர்கள் கோழி நெருக்கியடித்து உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்கிறார்கள். அது நாள் முழுக்க வாழ எவ்வளவு வேண்டும் என்பது வேறு கணக்கு.

"பகலெல்லாம் வெளியேதானே மேயப்போகிறது, ராத்திரி தூங்க மட்டும்தானே" என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான்கு நாள் விடாமல் மழை பெய்யும், பனி கொட்டும், நரி நடமாட்டம் இருக்கிறது என்று அடைத்தே வைக்க வேண்டி வரும். கோழிகளுக்குள் யார் பெரியவள், யார் அடுத்தவள் என்று ஒரு வரிசை உண்டு. கடைசியில் இருப்பவள் மற்றவர்கள் கொத்த வரும்போது விலகிப் போகிறாள், அதனால்தான் அந்த வரிசை சண்டையில்லாமல் நடக்கிறது. விலகிப் போக இடமில்லாவிட்டால் அவள் மூலையில் சிக்குவாள். முதலில் வால் பக்கத்து இறகு போகும், அப்புறம் தோல் தெரியும், ஒரு துளி ரத்தம் கண்ணில் பட்டுவிட்டால் மற்றவை விடாமல் கொத்தும். நெரிசலில் தொடங்கும் இந்தக் கொத்தலுக்கு மருந்து இடம்தான்.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துவிடுங்கள். கோழி முதல் இரண்டு மூன்று வருஷம் நன்றாக முட்டையிடும், அப்புறம் குறையும். அப்போது பழையவற்றை வைத்துக்கொண்டே நாலு இளம் கோழிகளைச் சேர்ப்பீர்கள். ஆறு என்று தொடங்கியவர்கள் ஆறோடு நின்று நான் பார்த்ததில்லை. அதனால் பத்துக்கு இடம் பாருங்கள், 40 சதுர அடி. பெரிய கூண்டில் குறைவான கோழிகள் இருப்பதால் சாதாரணமாக எந்தக் கெடுதலும் இல்லை.

இடக் கணக்கு முடிந்தது. இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். கூண்டைக் கடையில் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறோம். ஆனால் அது வேலை செய்வது இரவில். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பொழுது சாய்ந்து கட்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் விடியும் வரை கிட்டத்தட்ட அசையாது, தொட்டுத் தூக்கினாலும் முனகுவதோடு சரி. உள்ளே நுழைந்த எதுவும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகலாம். எனவே ஒவ்வொரு கூண்டையும் "இரவு இரண்டு மணிக்கு இதற்குள் எது, எப்படி நுழையும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் முதலில் கட்டிய கூண்டின் ஒரு பக்கம் முழுக்க அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை. பெயரே கோழி வலைதானே, அது போதும் என்று நம்பினேன். ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கருப்புக் கோழி வலையை ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. வலையில் பெரிய கிழிசலும் இல்லை, இரண்டு கண்கள் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு வளைந்து அகன்றிருந்தன. வெளியிலிருந்தே பிடித்து, கைக்கு எட்டியதை மட்டும் இழுத்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. தலையும் ஒரு இறக்கையும் இல்லை, மீதி உடம்பு உள்ளேயே இருந்தது. அன்று கற்றுக்கொண்டேன்: கோழி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்காது.

அதற்கு வேண்டியது வெல்டு மெஷ். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பற்றவைத்த, துத்தநாகப் பூச்சுள்ள கம்பி வலை, கண் அரை அங்குலம். ஒரு அங்குல ஓட்டை இருந்தால் வீசல் போன்ற மெலிந்து நீண்ட சிறு விலங்குகளுக்கு அதுவே வாசல். எலிக்கு அதைவிடச் சின்ன இடைவெளி போதும். பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். அரை அங்குலக் கண் இவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும். ஜன்னல், கூரையடியில் காற்று போகும் திறப்பு என்று எங்கெல்லாம் திறப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் இதே வலை வேண்டும். ரெடிமேட் கூண்டுகளில் வலையை ஸ்டேப்ளர் பின் வைத்து அடித்திருப்பார்கள், கட்டை விரலால் அழுத்தினாலே கழன்றுவிடும். அதன்மேல் வாஷர் வைத்து ஸ்குரூ போட்டு இறுக்குங்கள், அல்லது விளிம்பு முழுக்க ஒரு மரச் சட்டம் வைத்துத் திருகுங்கள்.

தாழ்ப்பாளும் அப்படித்தான். ஒரு பக்கம் திருப்பினால் திறக்கும் மரக்கட்டைத் தாழ், வளையத்தில் மாட்டும் கொக்கி இவையெல்லாம் நாய் மூக்கால் தட்டினாலே திறந்துகொள்ளும். ரக்கூன் இருக்கும் நாடுகளில் அது கைவிரலால் தாழ்ப்பாளை நகர்த்தித் திறப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு அசைவு தேவைப்படும் தாழ்ப்பாள் போடுங்கள். தூக்கிவிட்டு இழுக்க வேண்டியதாக இருக்கலாம், தாழ் போட்டு அதில் ஒரு வளையக் கொக்கி மாட்டுவதாக இருக்கலாம். முட்டைப் பெட்டியின் மூடிக்கும் அதே மாதிரி போட வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

நாயும் நரியும் தோண்டும். சுவரை ஒட்டித்தான் தோண்டும், இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் போட அவற்றுக்குத் தோன்றாது. அதனால் வலையை ஆழமாகப் புதைப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையில் பாவாடை மாதிரி விரித்து, கம்பியை வளைத்து ஆணி போல் அடித்துவிடுங்கள். சில வாரங்களில் புல் அதன் ஊடே முளைத்து வலை கண்ணுக்கே தெரியாது. தோண்ட வரும் கால் அந்த வலையில் பட்டதும் நின்றுவிடும்.

கூண்டு வந்து சேர்ந்த அன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல இருட்டில் ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார்ந்து மூலை மூலையாக அடிக்கட்டும், நீங்கள் வெளியே மெதுவாகச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சாக்பீஸால் குறியுங்கள். சுண்டு விரல் நுழையும் எந்த இடத்தையும் அடுத்த நாளே அடைத்துவிட வேண்டும். கதவின் கீழ் விளிம்பு, கூரைத் தகட்டின் நெளிவுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருக்கும் வரிசையான பொந்துகள், பலகை காய்ந்து சுருங்கிய இடம் என்று பகலில் கண்ணில் படாதவை எல்லாம் தெரியும்.

இத்தனையும் செய்துவிட்டு ஒரே ஒரு மாலை கதவைச் சாத்த மறந்தால் போயிற்று. மாலையில் வீடு திரும்ப நேரமாகும் வேலை உங்களுடையது என்றால் தானாக மூடும் கதவு வாங்குவதற்கு யோசிக்க வேண்டாம். வெளிச்சத்தை வைத்து மூடுவது, கடிகாரத்தை வைத்து மூடுவது என்று இரண்டு வகை உண்டு. எது இருந்தாலும் படுக்கப் போகும் முன் டார்ச் அடித்துத் தலையை எண்ணுங்கள். நேரம் தப்பி வந்த ஒரு கோழி மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது காற்று. புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் தப்புச் செய்வது இதில்தான், அதுவும் பாசத்தால் செய்யும் தப்பு. குளிருமே என்று எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுவார்கள். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறகு காய்ந்திருந்தால் அது நல்ல குளிரையும் தாங்கும். ஈரத்தைத்தான் தாங்காது. ஒரு கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறது, வெயில் காலத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மூச்சிலும் எச்சத்திலும் வெளியே வருகிறது. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை, எச்சத்தின் மேல் வெள்ளையாக இருப்பதுதான் அது, யூரிக் அமிலம். ஈரமும் நுண்ணுயிரும் சேர்ந்தால் அது அமோனியாவாக மாறும். பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அமோனியாவைக் காற்றில் சேரவிடக் கூடாது என்பது பண்ணைகளில் வழக்கமாகச் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் போனால் கண் எரியும், மூச்சுக்குழாயின் உட்பூச்சு கெடும், சளி நோய்கள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் கதவு திறந்தவுடன், காற்று மாறுவதற்குள், கோழி உட்காரும் உயரத்துக்குக் குனிந்து பத்து மூச்சு இழுங்கள். நின்றபடி முகர்ந்தால் தெரியாது, கோழியின் மூக்கு இருக்கும் இடத்தில் உங்கள் மூக்கு இருக்க வேண்டும். வாடை மூக்கில் ஏறினால், கண் கரித்தால், காற்று போதவில்லை என்று அர்த்தம்.

ஆனால் காற்றோட்டம் வேறு, குளிர்காற்று நேரே மேலே அடிப்பது வேறு. உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகள் இருக்க வேண்டும். சூடான ஈரக் காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், கோழி மேல் காற்று படாது. கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி திறப்பு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். குளிர் நாட்டில் கொண்டை நுனி கருத்துப் போவதைப் பார்த்துக் கூண்டை இன்னும் இறுக்கி மூடுவார்கள். உள்ளே தேங்கிய ஈரம் கொண்டையில் படிந்துதான் பெரும்பாலும் அப்படி ஆகிறது, எனவே திறப்பைக் கூட்டினால் சரியாகும். சூட்டுக்காக உள்ளே பல்பு தொங்கவிடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தூசியும் காய்ந்த சீவலும் நிறைந்த மர அறை அது, ஒரு கோழி சிறகடித்து பல்பு கீழே விழுந்தால் கூண்டோடு எரிந்துபோகும்.

வெயில் அதிகமான இடமென்றால் கணக்கே மாறும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்தும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கியும்தான் சூட்டைக் கழிக்கிறது. அங்கே இரண்டு பக்கச் சுவர் முழுக்க வலையாகவே இருக்கலாம், கூரை மட்டும் அகலமாக நீண்டு சாரலைத் தடுத்தால் போதும். வெறும் தகரக் கூரை மத்தியானம் அடுப்பு மாதிரி காயும். அதன் அடியில் ஒரு பலகைத் தளமோ, மேலே வைக்கோலோ ஓலையோ வேண்டும்.

உட்காரும் கட்டை, முட்டைப் பெட்டி இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டை இரண்டு அங்குல அகலம், விளிம்பை இழைத்து உருட்டியிருக்க வேண்டும். கோழி தன் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து விரல்களை மூடிக்கொள்ளும், அதனால் வழவழப்பான பிளாஸ்டிக் குழாயும் இரும்புக் குழாயும் ஆகாது. கோழிக்கு 8 முதல் 10 அங்குலம், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. உயரம் இரண்டு மூன்றடி. கனத்த இனமென்றால் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், தினமும் தொப்பென்று குதித்துப் பாதம் வீங்கிப் புண்ணாகும். கட்டை கட்டாயம் முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதில் தூங்கும், அதிலேயே எச்சமிடும், காலையில் முட்டை எச்சத்தில் கிடக்கும். பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, நாலு கோழிக்கு ஒன்று, முன்பக்கம் நாலு அங்குலத் தடுப்பு, கொஞ்சம் இருட்டான மூலையில். நீங்கள் எத்தனை வைத்தாலும் எல்லாக் கோழியும் ஒரே பெட்டிக்கு முன்னால்தான் வரிசையில் நிற்கும், அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் முதுகைப் பற்றி. கூண்டு வாங்கும்போது கோழியை நினைத்துத்தான் வாங்குகிறோம். ஆனால் வருஷக் கணக்கில் அதற்குள் தலையை விட்டுச் சுத்தம் செய்யப்போவது நாம். சின்னக் கதவு வழியாக முழங்காலிட்டு, கையை நீட்டி, மூலையில் இருப்பதைச் சுரண்ட வேண்டும் என்றால் முதல் மாதம் ஒழுங்காகச் செய்வீர்கள். மூன்றாவது மாதம் நாளை பார்க்கலாம் என்பீர்கள். ஈரம், அமோனியா, ஈ, உண்ணி எல்லாம் அந்த நாளையில்தான் உள்ளே வருகின்றன. நிமிர்ந்து நடந்து போகும் உயரம் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கதவாகத் திறக்க வேண்டும். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் வாசல் வரை வர வேண்டும். முட்டையை வெளியிலிருந்தே எடுக்கும்படி மூடி இருந்தால் குழந்தைகளும் எடுத்து வருவார்கள்.

நிறைய எச்சம் விழுவது இரவில், கட்டைக்கு நேர் கீழே. அந்த இடத்தில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் கொஞ்சம் மணலோ சாம்பலோ தூவி வையுங்கள். தினமும் காலையில் ஒரு கொத்துக்கரண்டியால் வாளியில் வழித்துவிட்டால் ஐந்து நிமிட வேலைதான். மீதித் தரைக்கு நாலு முதல் ஆறு அங்குலக் கனத்துக்கு மரச்சீவல், உமி, வைக்கோல் இதில் எது கிடைக்கிறதோ அது. காய்ந்திருக்கும் வரை மேலே மேலே புதிதாகப் போட்டுக் கிளறிக்கொண்டே போகலாம், கோழியே பாதிக் கிளறலைச் செய்துவிடும். கையில் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்ப் பாத்திரத்தை வெளி முற்றத்தில் வைத்தாலே பாதி ஈரம் குறைந்துவிடும். தீனியும் அங்கேயே, கூரைக்குக் கீழே, இரவில் எடுத்து மூடி வைக்க வேண்டும். கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் போதும், மிச்சமாகக் கிடப்பது எலிக்கு விருந்து.

எந்தப் பொருளில் செய்த கூண்டு என்பதை நான் உண்ணியை வைத்துத்தான் முடிவு செய்வேன். சிவப்பு உண்ணி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலில் பலகை இடுக்குகளில் ஒளிந்திருக்கும், இரவில் கோழி மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பப் போய்விடும். பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வெப்பமான காலத்தில் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறை பெருகும், கோழியே இல்லாத கூண்டிலும் மாதக் கணக்கில் உயிரோடு காத்திருக்கும். கோழி காரணமில்லாமல் முட்டை குறைத்தால், கொண்டை வெளுத்தால், மாலையில் உள்ளே போக மறுத்தால், இரவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டையின் அடிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். துணியில் சிவப்பாகக் கோடு விழுந்தால் அதுதான்.

அதனால் இடுக்கு குறைந்த கூண்டாகப் பாருங்கள். கட்டைகளைக் கழற்றி வெளியே எடுத்துத் தேய்க்க முடிய வேண்டும். மரக் கூண்டின் மேல் தார் அட்டை போர்த்தியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அதற்கும் பலகைக்கும் நடுவே உண்ணி குடியேறினால் கூரையைப் பிய்க்காமல் ஒழிக்க முடியாது. பிளாஸ்டிக் கூண்டில் இந்தத் தொல்லை குறைவு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி அன்றே காயவைத்துவிடலாம். ஆனால் காற்றுத் திறப்பு போதாவிட்டால் அதில் வேர்த்து ஒழுகும். மரம் என்றால் பலகையின் கனத்தைப் பாருங்கள். கூண்டின் ஒரு மூலையைத் தூக்கினால் சட்டம் முறுகுகிறதா, கீலின் ஸ்குரூ பலகையைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்தால் போதும், அது எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று தெரிந்துவிடும்.

வாங்குவதா கட்டுவதா என்றால் என் அபிப்பிராயம் இரண்டும் இல்லை. உங்கள் நிலத்தில் பழைய சாமான் கொட்டகை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறுக்கு எட்டடிக் கொட்டகை ஒன்று இருந்தால் பத்துக் கோழிக்கு அருமையான கூண்டு. நிமிர்ந்து நிற்கலாம், சுவர் உறுதியாக இருக்கும், செய்ய வேண்டியதெல்லாம் மேலே காற்றுத் திறப்பு வெட்டி வலை அடிப்பது, கீழே ஒரு அடி அகலத்தில் கோழி வாசல், உள்ளே கட்டையும் பெட்டியும். பழைய பெயின்ட் உரிந்து விழுகிறதா என்று மட்டும் பாருங்கள், அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், கோழி உதிர்ந்ததைக் கொத்தும். பழைய ரயில் கட்டை, மருந்து ஊறவைத்த பழைய மரம் இவற்றையும் உள்ளே பயன்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் தரை முழுக்கக் காந்தம் வைத்துத் தேய்த்து எடுங்கள், அப்புறம் கண்ணாலும் ஒரு முறை தேடுங்கள். கோழி மினுமினுப்பானதை விழுங்கும். வெட்டிப்போட்ட ஒரு வலைக் கம்பித் துண்டு குடலைக் குத்தும், அதன் துத்தநாகப் பூச்சு உடம்பில் விஷமாகும்.

கொட்டகை இல்லாவிட்டால், தச்சு வேலை கொஞ்சம் தெரிந்தால் கட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால் வாங்குங்கள், ஆனால் எழுதியிருக்கும் எண்ணைப் பாதியாக்கிக்கொண்டு வாங்குங்கள்.

நகரும் கூண்டு, அதாவது அடியில்லாமல் புல் மேல் தள்ளிக்கொண்டே போவது, அதையும் சிலர் சொல்வார்கள். மூன்று நாலு கோழிக்கு நல்லது, தினமும் புதுப் புல் கிடைக்கும், நிலத்துக்கு எரு. ஆனால் தினமும் நகர்த்தியாக வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், மேட்டில் வைத்தால் ஒரு பக்கம் இடைவெளி விழும். தோண்டும் விலங்குகள் உள்ள பக்கம் இரவில் கோழியை அதில் விடாமல் தரைபோட்ட அறைக்கு மாற்றுவது நல்லது.

வெளி முற்றத்துக்குக் கூரை வேண்டுமா? வேண்டும், பாதிக்காவது. பருந்து மட்டும் காரணமில்லை. எச்5என்1 போன்ற பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளின் எச்சத்தின் மூலம் வளர்ப்புக் கோழிக்கு வருகிறது, மேலே வலை மட்டும் இருந்தால் எச்சம் உள்ளே விழும், தகடு இருந்தால் விழாது. மழையில் சேறாவதும் நிற்கும். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு மூலையில் காய்ந்த மண்ணும் சாம்பலும் கொட்டி வையுங்கள். கோழி அதில் புரண்டு குளிக்கும், பேன் உண்ணியை உதிர்க்க அதற்கு அதுதான் வழி.

கூண்டு வைக்கும் இடம் மேடாக இருக்க வேண்டும். நல்ல மழையில் ஒரு முறை நிலத்தைச் சுற்றி வந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். வெப்பமான ஊரென்றால் நீளவாக்கு கிழக்கு மேற்காக, மத்தியான நிழல் விழும்படி. குளிரான ஊரென்றால் ஜன்னல் வெயில் வரும் பக்கம், வாசல் காற்றடிக்காத பக்கம். தரையிலிருந்து தூக்கி வைப்பதென்றால் அடியில் விளக்குமாறு போகும் அளவுக்கு, ஒன்றரை அடியாவது தூக்குங்கள். அரை அடி தூக்கினால் அது எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. அப்புறம், வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் கூண்டு தெரிய வேண்டும். கோழி வித்தியாசமாகக் கத்துவது காதில் விழ வேண்டும். கொட்டும் மழையில், இருட்டில், தினம் இரண்டு தடவை நடந்து போகப்போகும் தூரம் அது. எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், எத்தனை கோழி வைக்கலாம் என்று உங்கள் பகுதி விதிகளில் இருந்தால் அஸ்திவாரம் போடும் முன் விசாரித்துவிடுங்கள்.

கோழி வந்ததும் முதல் ஐந்தாறு நாள் வெளியே விடாதீர்கள். கூண்டிலும் அதை ஒட்டிய வலை முற்றத்திலும் மட்டும் இருக்கட்டும். அதற்குள் அதுதான் வீடு என்று பதிந்துவிடும், அப்புறம் மாலையில் நீங்கள் விரட்டாமலே தானாக வந்து அடையும்.

அந்த ரெடிமேட் கூண்டுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வருத்தப்பட வேண்டாம். வலையை மாற்றி, தாழ்ப்பாளை மாற்றி, பெரிய கூண்டிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். புதிதாக வாங்கும் கோழியை மூன்று நாலு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும், அதற்கு ஒரு இடம் வேண்டும். ஒரு கோழி சோர்ந்து நின்றால் அன்றைக்கே பிரித்து வைக்க வேண்டும். அடுத்த வருஷம் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்து, மற்றவை அதன் பெட்டியில் போய் முட்டையிட்டுத் தொல்லை செய்யும்போது, 21 நாள் அது நிம்மதியாக இருக்க அந்தச் சின்னக் கூண்டு சரியாக இருக்கும்.